ஊர் நலம் காக்கும் சுகாதாரத் துறை

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது நாம் அனைவரும் ஆறாம் வகுப்பிலிருந்தே கட்டுரை நோட்டில் எழுதி வரும் பழமொழி. உடல்நலக் கட்டுரையை இப்பழமொழி இல்லாமல் தொடங்கிய மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. ஆனால் அது தனி ஒருவருடைய உடலைப் பற்றிய பழமொழி. ஓர் ஊருக்கும் உடல்நலம் என்று ஒன்று உண்டு. ஒரு தெருவில் சாக்கடை நீர் குடிநீர்க் குழாயில் கலந்துவிட்டால், எவ்வளவு நல்ல உணவு உண்பவரும், எவ்வளவு தூய்மையாக வாழ்பவரும் அத்தெருவில் நோய்க்குத் தப்ப முடியாது. அந்த ஊர் நலத்தைக் காப்பவர் யார்?

மருத்துவர் என்று உடனே விடை கூறத் தோன்றும். ஆனால் மருத்துவரிடம் நாம் செல்வது நோய் வந்த பிறகுதான். நோய் வருவதற்கு முன்பே நம் வாசலுக்கு வருபவர்கள் வேறு சிலர். தோளில் ஒரு பை, கையில் டார்ச் விளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம். “தொட்டியைப் பார்க்கணும்மா” என்று குரல் கொடுப்பார்கள். அம்மா அடுப்படியில் இருந்தால், “நேற்றுதான் கழுவினோம்” என்று உள்ளேயிருந்தே பதில் வரும். இவர்களும், இவர்களை அனுப்பும் அலுவலகமும் சேர்ந்ததே நகராட்சியின் சுகாதாரப் பிரிவு. கிராமங்களில் இதே பணியை ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் செய்கின்றனர். இக்கட்டுரைக்காக எங்கள் வகுப்பு மாணவியர் ஐவர், அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியின் அனுமதியுடன் நம் நாகப்பட்டினத்தில் இப்பணியில் உள்ள சிலரைக் கண்டு பேசினோம். வீட்டில் பாட்டி, தாத்தாக்களிடமும் கேட்டறிந்தோம்.

இத்துறை நேற்று முளைத்ததன்று. சென்னை மாகாணத்தில் 1920களின் தொடக்கத்திலேயே, மருத்துவமனைகளிலிருந்து பிரித்துப் பொதுச் சுகாதாரத்திற்கென்றே தனித் துறை அமைக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டில் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையான முதல் சட்டம் இதுவே என்பர். குடிநீர், சாக்கடை, தொற்று நோய், கொசு ஒழிப்பு ஆகியவற்றோடு, திருவிழாக்களுக்கென்றும் அச்சட்டத்தில் தனி அதிகாரம் உண்டு. இதைக் கேட்டதும் எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் ஒருபுறம் நாகூர்க் கந்தூரி, மறுபுறம் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்று இரண்டையும் கண்டு வளர்ந்த நமக்கு அதன் காரணம் எளிதில் விளங்கும். கால்நடையாக வரும் பக்தர்கள் வழியெங்கும் குடிக்கும் நீரில் கிருமி இருந்தால், அது அவர்களோடு நூறு ஊர்களுக்குத் திரும்பிச் செல்லும்.

சுகாதாரப் பிரிவின் முதல் வேலை எண்ணுவது. மருந்து, ஊசி எல்லாம் அதற்குப் பிறகுதான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்தாலும் ஒருவர் இறந்தாலும் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சான்றிதழுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அலுவலகத்துக்கோ அது ஊரின் நாடி. இந்த மாதம் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று தெரிந்தால்தான், ஒன்றரை மாதம் கழித்து எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி வேண்டும் என்று தெரியும். ஒரே வட்டத்தில் வழக்கத்திற்கு மேல் இறப்புகள் பதிவானால், ஏன் என்று கேட்டு ஆள் அனுப்பலாம். எண்ணாத ஊரில் இந்தக் கேள்வியே எழாது.

இங்கே தோழியருக்கு ஒரு செய்தி. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால், நம்மில் பலருடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். எங்கள் வகுப்பிலேயே சிலருக்கு அப்படி இருக்கிறது. பதிந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம் என்பது விதி. பத்தாம் வகுப்பில் உள்ளவர்கள் இன்று மாலையே பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது!

எண்ணிய பிறகு தடுத்தல். நம் பாட்டிமாரின் கையைப் பார்த்தால் வட்டமான பெரிய வடு ஒன்றோ இரண்டோ இருக்கும். அது அம்மை குத்திய வடு. பெரியம்மை கண்டால் பலர் மாண்டனர். பிழைத்தவர்களுள் கண் இழந்தவர் பலர். அம்மை குத்துபவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகளெல்லாம் குதிருக்குப் பின்னாலும் கொல்லையிலும் ஓடி ஒளிவார்களாம். ஒளிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் குத்தினார்கள். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை காணப்பட்டது 1975ஆம் ஆண்டு மே மாதத்தில். 1980ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் அம்மாக்கள் பலருடைய கையில் அந்த வடு இல்லை. நம் இடது தோளில் இருக்கும் சிறு வடு வேறு. அது காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். ஒரு வீட்டில் மூன்று தலைமுறையின் கைகளை வரிசையாகப் பார்த்தாலே இத்துறையின் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். போலியோவும் அவ்வாறே சென்றது. நம் நாட்டில் கடைசி நோயாளி 2011ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டது ஒரு குழந்தை. 2014ஆம் ஆண்டில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

ஆயினும் மக்களின் அச்சம் நோயைப்போல் எளிதில் ஒழிவதில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள எல்லாருக்கும் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள். அப்போது நாங்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இருந்தோம். ஊசி போட்டால் அது வரும், இது வரும் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. தமிழ்நாட்டில் பல பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. ஆகவே முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா சாதாரணமாக இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் தடிப்புமாக வந்து போய்விடும். இதற்கா ஊசி என்று கேட்டவர்கள் உண்டு. கருவுற்ற தாய்க்குத் தொடக்க மாதங்களில் அது வந்தால், குழந்தை காது கேளாமலோ, கண்ணில் புரையோடோ, இதயக் குறையோடோ பிறக்கக்கூடும் என்பதை அவர்களுக்கு யாரேனும் நிதானமாக எடுத்துச் சொன்னார்களா? பெண் பிள்ளைகளாகிய நமக்கு இதைவிட வேண்டிய செய்தி வேறில்லை. ஊசியோடு காரணத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் வதந்திக்கு இவ்வளவு இடம் இருந்திராது என்பது எங்கள் கருத்து. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இது பொருந்தும். அம்மாத்திரை சன்னல் வழியே வெளியே பறப்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்! சோகை நம் வயதுப் பெண்களுக்கே மிகுதி என்பதும், வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், உணவுக்குப் பின் விழுங்கினால் குமட்டல் குறையும் என்பதும் தெரிந்தால் பறக்கும் மாத்திரைகள் குறையலாம்.

அடுத்தது தண்ணீர். காலை நேரத்தில் குழாய் நீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று வீட்டில் குறை கூறுவதைக் கேட்டிருப்போம். அது குளோரின் வாடை. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் தெருக்கோடியில் உள்ள கடைசிக் குழாயில்தான் சோதிக்கிறார்கள். ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் நீரைப் பிடித்து, அதில் சில சொட்டு மருந்து விட்டால் நீர் மஞ்சளாக மாறுகிறது. அந்த மஞ்சளை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சி நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். தொட்டியிலிருந்து புறப்பட்ட குளோரின் வழியில் எதிர்ப்படும் அழுக்கோடு போராடிச் செலவாகிவிடும். மஞ்சள் நிறமே வரவில்லை என்றால், தொட்டியில் மருந்து போடவில்லை, அல்லது நடுவில் எங்கோ குழாய் உடைந்து கழிவுநீர் புகுந்துவிட்டது என்று பொருள். பக்கத்துத் தெருக் குழாயில் நிறம் வந்து இந்தத் தெருவில் மட்டும் வராவிட்டால், எங்கே தோண்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

இவ்வாறு இடத்தைக் கொண்டு நோயைப் பிடிக்கும் முறையை உலகிற்குக் காட்டியவர் ஜான் சுனோ என்னும் ஆங்கில மருத்துவர். 1854ஆம் ஆண்டில் இலண்டனில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். அவை பிராடு தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே இருந்தன. அவர் சொன்னதன்பேரில் அப்பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலரா கெட்ட காற்றினால் வருகிறது என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம் அது.

நம் ஊரில் இத்துறைக்கு வந்த மிகப் பெரிய சோதனை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். நாம் அப்போது பிறக்கவில்லை. எங்களுள் சிலருடைய வீடுகளில், அன்று கடல் கொண்டுபோனவர்களின் படங்கள் மாலையோடு இருக்கின்றன. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் ஆகிய மீனவர் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்தையும் அலை விட்டுவைக்கவில்லை என்றே சொல்வார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த வெளியூர்ப் பக்தர்களும் ஏராளமானோர் மாண்டனர். நம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர் 6,000க்கும் மேற்பட்டவர். அப்போது மயிலாடுதுறைப் பகுதியும் நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது.

பிணங்களால் கொள்ளை நோய் வரப்போகிறது என்று ஊரே அஞ்சியது. ஆனால் பேரழிவில் அடிபட்டும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளை நோய் தோன்றுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இறந்தவர்கள் பெரும்பாலும் நலமாக இருந்தவர்களே. ஆபத்து உயிரோடு இருப்பவர்களிடையேதான். ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கிப் படுத்திருக்கிறார்கள். கழிப்பறை சில மட்டுமே. குடிநீர் எங்கிருந்தோ லாரியில் வருகிறது. குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் இருமுகிறார்கள். வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் பரவ இதைவிட வேறென்ன வேண்டும்?

பிற மாவட்டங்களிலிருந்து சுகாதாரக் குழுக்கள் வந்து சேர்ந்தன. லாரியில் வந்த நீரும் முகாம்களில் வைத்த தொட்டிகளின் நீரும் குளோரின் சோதனைக்கு உள்ளாயின. கழிப்பறைகள் அமைத்தார்கள். பிளீச்சிங் பவுடர் தெளித்தார்கள். முகாம்களிலிருந்த குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ‘ஏ’ மருந்தும் கொடுத்தார்கள். எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று முகாம் முகாமாகக் கணக்கெடுத்தார்கள். மீண்டும் அதே எண்ணும் வேலை! தட்டம்மை சில இடங்களில் தலைகாட்டியது உண்மை. ஆனால் அஞ்சியபடி காலராவோ வேறு பெரிய கொள்ளை நோயோ பரவவில்லை. கடல் கொண்டுபோன உயிர்களின் எண்ணிக்கை நம் எல்லாருக்கும் தெரியும். அதன்பின் முகாம்களில் போகாமல் நின்ற உயிர்கள் எத்தனை என்று யாராலும் கூற முடியாது. இத்துறையின் வேலையே அப்படிப்பட்டது. நன்றாகச் செய்தால் எதுவும் நடக்காது, நடக்காததைப் பற்றி நாளிதழ்கள் எழுதுவதுமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எங்களுக்கு மனமில்லை. அந்நாட்களில் இடிபாடுகளுக்கு இடையிலிருந்து உடல்களை எடுத்து அடக்கம் செய்தவர்களுள், பல ஊர்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் மிகப் பலர். பலருக்குக் கையுறைகூட இல்லையாம். நினைவு நாளில் நாம் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவர்களை யாரும் குறிப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை.

இன்று நம் ஊரில் சுகாதாரப் பிரிவுக்கு ஓயாத வேலை கொடுப்பது டெங்கு. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு கரிய உடலில் வெள்ளை வரிகள் கொண்டது. சாக்கடையில் அன்று, நம் வீட்டு நல்ல நீரிலேயே அது பெருகுகிறது. கடிப்பதும் பகலில்தான். கொசு என்றால் இரவு என்று நினைத்து மாலையில் மட்டும் கதவடைப்பதால் பயனில்லை. பெண் கொசு நீரின் மேல்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். நீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சுவரிலேயே காய்ந்து பல மாதங்கள் கிடக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிந்துவிடும். ஆகவேதான் தொட்டியைக் காலி செய்தால் போதாது, தேய்த்துக் கழுவுங்கள் என்கிறார்கள். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை வீடு வீடாக வருவதன் காரணம் இதுவே. ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும்.

எங்கெல்லாம் தேடுகிறார்கள் என்று கேட்டோம். சிமெண்டுத் தொட்டி, குடம், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜின் பின்புறத்தில் நீர் வடியும் தட்டு. கடைசியாகச் சொன்னதை எங்களில் ஒருவரும் அதுவரை பார்த்ததே இல்லை. புழு இருந்தால் நீரைக் கொட்டச் சொல்வார்கள். கொட்ட முடியாத தொட்டியில் அபேட் மருந்தை ஊற்றுவார்கள். பிறகு நூறு வீடுகளில் எத்தனை வீடுகளில் புழு கண்டார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்த எண் ஏறினால் அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் ஏறலாம். மக்களோ, “புகை மருந்து அடிக்க ஏன் வரவில்லை?” என்றுதான் கேட்கிறார்களாம். புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. வண்டியின் சத்தமும் வெண்புகையும் கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு மதிப்பு. ஒரு பெண் குனிந்து தொட்டிக்குள் டார்ச் அடிப்பது மதிப்பாகத் தெரிவதில்லை.

நம் தோழி ஒருத்தியின் தாயார் இப்பணியில் இருக்கிறார். நிரந்தர வேலையன்று, ஒப்பந்தக் கூலி. வெயிலோ மழையோ, மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் வலிக்கும் என்றார். அதைவிட வலிப்பது, சில வீடுகளில் வாசல் திண்ணையில்கூட உட்கார விடாமல் சந்தேகத்தோடு பார்ப்பதுதானாம். ஒரு தெருவில் ஒரு வீட்டில் மூன்று வாரங்கள் தொடர்ந்து, “எல்லாம் சுத்தமாக இருக்கிறது” என்று கதவைத் திறக்காமலே அனுப்பிவிட்டார்கள். நான்காம் வாரம் அடுத்த வீட்டில் ஐந்து வயதுப் பையனுக்கு டெங்கு. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து, பிழைப்பானோ என்று அஞ்சும்படி ஆகி, எட்டு நாட்களுக்குப் பின் வீடு திரும்பினான். அதன் பிறகுதான் முந்தைய வீட்டுக் கதவு திறந்தது. கொல்லையில் துளசி மாடத்துக்குப் பின்னால் மூடியில்லாத பழைய அண்டா, நிறையப் புழு. அந்தத் தாயார் இதைக் கோபமின்றித்தான் கூறினார். எங்களுக்குத்தான் கோபம் வந்தது.

கதவைத் திறக்காதவர்களைவிடத் திறக்க ஆளே இல்லாத வீடுகள் இன்னும் பெரிய தொல்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று குடும்பத்தோடு சென்றுவிட்டவர்களின் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. நோட்டில் ‘பூட்டிய வீடு’ என்று எழுதிக்கொண்டு, அண்டை வீட்டாரிடம் சாவி இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். இல்லையென்றால் தொலைபேசி எண் கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இவ்வாண்டு நம் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் நான்கு பூட்டிய வீடுகள் அந்த நோட்டில் இருந்தன. மூன்று வீடுகளின் சாவி பக்கத்து வீடுகளில் கிடைத்தது. நான்காவது வீட்டின் மாடித் தொட்டி மூடியில்லாமல் கிடப்பது நம் பத்தாம் வகுப்பு வராந்தாவிலிருந்து பார்த்தாலே தெரியும். அதன் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.